ஒன்பதாம் மெஷினுக்கு நூற்றுப் பதினெட்டு

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஆபீசில் எல்லோருக்கும் அவர் பாயிண்ட். "பசிக்குதா?" என்று கேட்டால்கூட, வயிற்றைக் கொஞ்சம் விசாரித்துவிட்டு, "எண்பத்திரண்டு பாயிண்ட் அஞ்சு" என்று சொல்லக்கூடியவர்.

காற்றாலைப் பண்ணையின் கண்காணிப்பு அறையில் அவருக்கு வேலை. பதினோரு வருஷமாக அதே நாற்காலி. நாற்காலியின் ஒரு சக்கரம் போய்விட்டதால், இடது பக்கம் சாயாமல் உட்காரும் வித்தையும் அவருக்குக் கைவந்திருந்தது. எதிரே சுவர் முழுக்கத் திரை. திரையில் முப்பத்திரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மெஷின். பச்சை என்றால் ஓடுகிறது. நீலம் என்றால் காற்றுக்காகக் காத்திருக்கிறது. காற்று அளவு மீறி அடித்து மெஷின் தானே நின்றுகொண்டால் ஆரஞ்சு. சிவப்பு என்றால் கோளாறு. ஜன்னலைத் திறந்தால் அந்த மெஷின்கள் முழு உருவத்தோடு சுற்றுவதைப் பார்க்கலாம். ஆனால் வெளிச்சம் பட்டால் திரை சரியாகத் தெரியாது என்பதால் ஜன்னலின் திரைச்சீலையை மூடியே வைத்திருந்தார்கள்.

ஒரு கட்டம் சிவப்பானால் ஏன் சிவப்பு என்று அவர் எழுத வேண்டும். எழுதுவது என்றால் வாக்கியமாக இல்லை, எண்ணாக. மொத்தம் நாற்பத்தோரு காரணங்கள் அச்சடித்துக் கண்ணாடிக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தன. அந்த எண்தான் பழி யார் தலையில் என்பதைத் தீர்மானிக்கும். பன்னிரண்டு போட்டால் பராமரிப்புக்காரர்கள் பதில் சொல்ல வேண்டும். இருபது போட்டால் மின்கம்பிக்காரர்கள். முப்பத்தொன்று போட்டால் வானிலை, அதாவது யாரும் பதில் சொல்ல வேண்டாம். அதனால் ஒரு மெஷின் நின்ற இரண்டாவது நிமிஷமே போன் அடிக்கும்.

"பாயிண்ட், மழைன்னு போட்டுடுங்க."

"வெயில் அடிக்குது சார்."

"மேகம் இருக்கா இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. ரொம்ப தூரத்துல."

"அது போதும்."

இந்த அறையில் எல்லாவற்றுக்கும் மேலே கும்பிடப்பட்டது 'தயார்நிலை' என்ற எண். மெஷின் ஓடியதா என்பது அதில் கேள்வி இல்லை. காற்று வந்தால் ஓடத் தயாராக இருந்ததா என்பதுதான் கேள்வி. காற்றே இல்லாத மாதத்தில் ஒரு யூனிட் கூடத் தராமல் சும்மா நின்ற மெஷினுக்கும் நூற்றுக்கு நூறு கிடைக்கும். இதை ஒருநாள் ஆர்வத்தில் மனைவியிடம் விளக்கிவிட்டார். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை நீங்க சோபாவுல படுத்திருக்கீங்களே, அது?"

"அது வேற."

"என்ன வேற? கூப்பிட்டா எழுந்து வரத் தயார்தான். யாரும் கூப்பிடல. தயார்நிலை நூறு, உற்பத்தி சைபர். உங்களை நல்ல இடத்துலதான் வேலைக்கு வச்சிருக்காங்க."

நல்ல இடம்தான், ஆனால் வேலை நிரந்தரம் இல்லை. பதினோரு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தக் கடிதம், நடுவில் ஒருநாள் இடைவெளி, மறுபடி ஒரு கடிதம். அந்த ஒருநாள் இடைவெளியில் கம்பெனிக்கு அவர் யாரோ. அன்றைக்கும் காலையில் குளித்து, சட்டை மாட்டி, போக இடம் இல்லாமல் வாசலில் நிற்பார்.

நிரந்தரம் ஆனால் கம்பெனிக் குடியிருப்பில் வீடு கிடைக்கும். இரண்டு அறை, ஒரு சமையலறை. அந்தச் சமையலறைதான் விஷயம். இப்போது அவர்கள் இருப்பது அவருடைய அண்ணன் வீட்டின் மாடியில். மாடியில் படுக்கலாம், படிக்கலாம், சண்டை போடலாம். சமைப்பது மட்டும் கீழே, அண்ணியின் அடுப்பில். ஒன்பது வருஷமாக இரண்டு பெண்கள் ஒரே அடுப்பின் முன்னால் காலை ஆறிலிருந்து ஏழரை வரை ஒருவர் தோளை ஒருவர் இடிக்காமல் நின்றிருக்கிறார்கள். அண்ணி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுப் பிரிந்து நிம்மதியாக இருந்திருக்கலாம். அவள் உதவி செய்கிறவள். இவள் அடுப்பில் வைத்த பாத்திரத்துக்குக் கீழே, "நீ போய் தலை சீவிக்கோ, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, தீயைக் குறைத்துவிடுவாள். இவள் வந்து பார்த்தால் எல்லாம் அண்ணியின் ருசியில் இருக்கும். ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு இவள் எட்டு மணிக்குப் போக வேண்டும். அண்ணி எங்கேயும் போக வேண்டியதில்லை, ஆனால் ஆறு மணிக்கே எழுந்துவிடுவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் ஒன்பதாம் மெஷின் நூற்றுப் பதினெட்டு எடுத்தது.

ஒவ்வொரு மாதமும் பாயிண்ட் தயாரிக்கும் அறிக்கையில் 'செயல்திறன்' என்று ஒரு பத்தி உண்டு. அடித்த காற்றுக்கு இவ்வளவு மின்சாரம் வரும் என்று மெஷினைச் செய்தவர்கள் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது அப்படியே வந்தால் நூறு. பெரும்பாலும் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு என்று வரும். அந்த மாதம் ஒன்பதாவது மட்டும் நூற்றுப் பதினெட்டு என்று நின்றது. பாயிண்ட் மூன்று முறை கூட்டிப் பார்த்தார். பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு மேலாளருக்கு அனுப்பினார்.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர், ஏனென்றால் தன் கையெழுத்து அங்கேதான் வரும்.

"இது என்ன கேள்விக்குறி?"

"சார், நூத்துப் பதினெட்டு வர வாய்ப்பில்ல. மெஷின் செஞ்ச கம்பெனியே நூறுதான் சொல்லியிருக்கு."

"அவங்க அடக்கமா சொல்லியிருப்பாங்க."

மேலாளர் கேள்விக்குறியை அழித்தார். மிச்சம் நின்ற எண் தலைமை அலுவலகத்துக்குப் போனது. ஒரே வாரத்தில் அங்கிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே ஒன்பதாம் மெஷினின் ரகசியத்தைக் கண்டுபிடித்து மற்ற முப்பத்தொன்றுக்கும் வழங்க மூன்று பேர் கொண்ட குழுவும் அமைந்தது. குழுவில் ஒருவர் அந்த இடத்து மண்தான் காரணம் என்றார். இன்னொருவர் இறக்கையில் அடித்த பெயிண்ட் என்றார். மூன்றாமவர் ஒன்பதாவது மெஷின் கேன்டீனுக்கு நேர் பின்னால் நிற்பதைக் கவனித்து, சமையல் புகையின் சூடு காற்றை மேலே தூக்கிக் கொடுக்கிறது என்று எழுதினார். மூன்றையும் ஏற்றுக்கொண்ட குழு, முதல் கட்டமாக மற்ற மெஷின்களின் இறக்கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவப் பரிந்துரைத்தது. ஒன்பதாம் மெஷினின் கதவில் ஒரு பலகை மாட்டினார்கள்: 'சிறப்பு நிலையில் உள்ளது. அனுமதியின்றி எதையும் தொடாதீர்.'

அதோடு, 'இம்மெஷினை இந்நிலைக்குக் கண்காணித்து உயர்த்தியவர்' என்று பாயிண்டின் பெயரை மேலாளர் நிரந்தரப் பட்டியலுக்குப் பரிந்துரைத்தார். சரியான பெயர் என்ன என்று பக்கத்து மேஜையில் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. தலைமை அலுவலகத்தார் நேரில் வந்து மெஷினைப் பார்த்ததும் ஆர்டர் கையெழுத்தாகும் என்று பேச்சு.

மனைவி அன்று மாலையே குடியிருப்புக்குப் போய், காலியாக இருந்த வீட்டின் சமையலறையை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "மேடை கொஞ்சம் உயரம். பரவால்ல, ஒரு பலகை போட்டு நின்னுக்கலாம்" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு தாராளத்தை அவர் கேட்டு வருஷக்கணக்காகிறது.

பாயிண்ட் மட்டும் அழிந்துபோன கேள்விக்குறியை மறக்கவில்லை. அடுத்த மாதம் ஒன்பதாவது நூற்று இருபத்தொன்று எடுத்தது. அவர் எட்டு, ஒன்பது, பத்து மூன்றின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே மேட்டில் அடுத்தடுத்து நிற்கும் மெஷின்கள். மின்சாரம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். வித்தியாசம் காற்றில் இருந்தது. எட்டாவதன் தலையில் இருக்கும் கருவி விநாடிக்கு ஒன்பது மீட்டர் என்றது. பத்தாவதும் ஒன்பது. நடுவில் நின்றது மட்டும் எட்டு என்றது. பந்தியில் ஒரு இலையைத் தாண்டிப் போகிற மாதிரி, நடு மெஷினை மட்டும் தாண்டிப் போகக் காற்றுக்கு என்ன கோபம்?

இறக்கை கழுவிவிட்டு நனைந்த சட்டையோடு கேன்டீனுக்கு வந்த ஏணியிடம் இதைச் சொன்னார். மெஷின்களில் ஏறி இறங்கிப் பழுது பார்க்கிறவருக்கு ஏணி என்று பேர். ஐம்பதை நெருங்கியவர். முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புகார் சொல்லும்.

"இதுல என்னய்யா ரகசியம்?" என்றார் ஏணி. "மேல மூணு கிண்ணம் வச்சு ஒரு காத்து மீட்டர் சுத்தும் பாரு. அதுக்குள்ள பேரிங் இறுகிப் போச்சு. அடிக்கிற காத்துக்கு அது சுத்தல. கொறைச்சுக் காட்டுது. அவ்வளவுதான். ஏறினா பதினஞ்சு நிமிஷ வேலை."

"ஏறலாமே?"

"எங்க ஏறறது? கதவுல பலகை மாட்டியிருக்காங்களே. நான் தொட்டா ரகசியம் போயிடுமாம்." டீயை ஒரு வாய் குடித்தார். "இன்னொண்ணும் இருக்கு. விநாடிக்கு இருபத்தஞ்சு மீட்டருக்கு மேல காத்து அடிச்சா மெஷின் தன்னால நிக்கணும். அதுக்கு யாரு சொல்றது? அதே மீட்டர்தான். அது கொறைச்சுச் சொன்னா இது நிக்காது. இறக்கை ஒடிஞ்சா நேரா கீழ விழும்னு நெனைக்காத. பறந்து போய் விழும்." அவர் கேன்டீன் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பாயிண்டும் பார்த்தார். தகரக் கூரை.

வீட்டில் சொன்னபோது மனைவி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"கிளினிக்ல கடிகாரம் பத்து நிமிஷம் பின்னாடி ஓடுச்சு. டாக்டர் ஒரு மாசமா, தான் சீக்கிரம் வர்றதா நெனச்சுட்டிருந்தார். அது மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப உங்க மெஷின் நல்ல மெஷின் இல்ல?"

"நல்ல மெஷின்தான். எல்லா மெஷின் மாதிரி."

கீழே அண்ணி பாத்திரத்தை அடுக்கும் சத்தம் கேட்டது.

"ஆர்டர் வந்தப்புறம் சொன்னா ஆகாதா?"

"காத்து அதுவரைக்கும் காத்திருக்கணுமே."

"ஒன்பது வருஷம் நான் காத்திருக்கலையா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைக்கப் போனாள். பாதியில் திரும்பி, "சொல்லுங்க, மேலாளர்கிட்ட. சொல்லாம உங்களுக்குத் தூக்கம் வராது. நீங்க புரண்டு புரண்டு படுத்தா எனக்கும் வராது" என்றாள்.

சொன்னார். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். அவங்க வர இன்னும் நாலு நாள். நாலு நாளைக்கு உண்மையைத் தள்ளி வைக்க முடியாதா?" என்றார். "பெருங்காத்து எல்லாம் அடுத்த மாசம்தான்யா. உங்க குடியிருப்பு விஷயத்தையும் யோசிச்சுப் பாருங்க." அவர் மிரட்டவில்லை. உண்மையிலேயே அக்கறையாகத்தான் சொன்னார். பாயிண்ட் தலையாட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

நாலாவது நாள் மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்களோடு காற்றும் வந்தது. மேலாளர் போட்டிருந்த நாள்காட்டியில் அதற்கு அடுத்த மாதம் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. காற்று அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விருந்தினர்கள் கண்காணிப்பு அறையில் நின்றுகொண்டிருந்தபோது கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறத் தொடங்கின. நாலாவது ஆரஞ்சு. இருபதாவது, இருபத்தொன்றாவது. எட்டாவது, தன் மீட்டர் இருபத்தேழு என்று காட்டியதும் நின்றது. பத்தாவதும் நின்றது. பத்து நிமிஷத்தில் திரையில் முப்பத்தோரு ஆரஞ்சு, ஒரே ஒரு பச்சை. ஒன்பதாவதன் மீட்டர் இருபத்துமூன்றே முக்கால் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மேலாளர் பல வருஷத்தில் முதன்முறையாக ஜன்னல் திரைச்சீலையை விலக்கினார்.

"பாருங்க சார்! எல்லாம் படுத்துடுச்சு. ஒம்பது மட்டும் ஓடுது!"

நாலு பேரும் கைதட்டினார்கள். ஒருவர், "இது எதனால?" என்று கேட்டார்.

"அது அதோட குணம் சார்."

"கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"தாராளமா! கேன்டீன் பக்கம் நின்னா முழுசா விழும்."

பாயிண்ட் எழுந்து நின்றார். "சார், கிட்ட போக வேணாம்."

"ஏன்?"

நாற்பத்தோரு காரணங்களில் ஒன்றும் நாக்கில் வரவில்லை. "அதுக்குக் காத்து அடிக்கிறது தெரியல சார்" என்றார்.

மேலாளர் சிரித்தார். "இவர் கொஞ்சம் தமாஷான ஆளு. வாங்க."

கார் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. பாயிண்ட் உட்கார்ந்து, ஒன்பதாம் கட்டத்தைத் தொட்டு, 'நிறுத்து' என்பதை அழுத்தினார். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வாழ்க்கையில் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆபீஸ் சாமான் அதுதான். ஆம் என்றார். ஜன்னலுக்கு வெளியே மூன்று இறக்கைகளும் மெல்லத் திரும்பிக் காற்றுக்கு விளிம்பைக் காட்டின. வேகம் தளர்ந்தது. ஒன்பதாவது நின்றது. கட்டம் சிவப்பானது.

இனி காரணம் எழுத வேண்டும். பதினேழாவது காரணம் 'அளவுக்கருவிக் கோளாறு', சரியாகப் பொருந்தும். ஆனால் அதைப் போட்டால் மேலே ஏறிச் சோதித்தவரின் சீட்டு எண்ணைக் கேட்கும். யாரும் ஏறக் கூடாது என்பதால் சீட்டு இல்லை. சீட்டு இல்லாததால் கோளாறும் இல்லை. பெருங்காற்று என்று முப்பத்தொன்று, வானிலை, போட மெஷினின் சொந்த மீட்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். அது ஒத்துக்கொள்கிற நிலையில் இல்லை. பட்டியலின் அடிமட்டம்வரை போனார். நாற்பத்தொன்று: 'ஆபரேட்டரின் சொந்த முடிவு'. பண்ணை தொடங்கிய நாளிலிருந்து அதை யாரும் போட்டதில்லை. பாயிண்ட் போட்டார்.

"ஏன் நின்னுடுச்சு?" என்றார் விருந்தினர்.

"நான்தான் நிறுத்தினேன்" என்றார் பாயிண்ட்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "செயல்முறை விளக்கம் சார். அவசர நிறுத்தம் எவ்வளவு சீக்கிரம் வேலை செய்யுதுன்னு காட்டினார்."

நாலு பேரும் மறுபடி கைதட்டினார்கள்.

கம்ப்யூட்டர் கைதட்டவில்லை. நாற்பத்தொன்று போட்டு நிறுத்திய மெஷினை முழுக்கச் சோதிக்காமல் மறுபடி ஓட்ட முடியாது என்று அதில் ஒரு விதி இருந்தது. பலகைக்கும் மேலான விதி. மறுநாள் காற்று அடங்கியதும் ஏணி முனகிக்கொண்டே ஏறி, பதினைந்து நிமிஷத்தில் மீட்டரை மாற்றிவிட்டு இறங்கினார். அடுத்த மாதம் ஒன்பதாம் மெஷினின் செயல்திறன் தொண்ணூற்றாறு பாயிண்ட் ஆறு. முப்பத்திரண்டில் பத்தொன்பதாவது இடம்.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆபரேட்டரின் தலையீட்டுக்குப் பின் ஒன்பதாம் மெஷினின் செயல்திறன் கடுமையாகச் சரிந்திருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. விசாரிக்க அதே மூன்று பேர் குழு அமைக்கப்படுகிறது. விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவரின் நிரந்தரம் நிறுத்தி வைக்கப்படுகிறது. விசாரணைக்கு அவர் தேவைப்படுவதால் ஒப்பந்தம் மேலும் பதினோரு மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது. குழு ஏணியைக் கூப்பிட்டு, பழைய மீட்டர் எங்கே, அதைத் திரும்ப மாட்ட முடியுமா என்று கேட்டது. குப்பையில் போட்டுவிட்டதாக ஏணி சொன்னார். 'முக்கியச் சாதனம் தொலைந்தது' என்று குழு எழுதிக்கொண்டது.

பாயிண்ட் வீட்டுக்கு வந்து கடிதத்தை மனைவியிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள்.

"யாருக்கும் அடி கிடி படலையே?"

"இல்ல."

"நிறுத்தாம இருந்தா நிச்சயமா ஒடிஞ்சிருக்குமா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாது. நூத்துக்கு ஒரு..."

"சதவீதம் சொன்னீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவர் அந்த எண்ணை விழுங்கிவிட்டார்.

"ஆக, நடக்காத ஒண்ணுக்காக வீடு போச்சு."

"நடக்காததுக்காகத்தான்."

அவள் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். "நீங்க செஞ்சது சரிதான். நான் அதுல ஒண்ணும் சொல்லல. ஆனா கோபப்படாதேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. ஒரு வாரத்துக்காவது படுவேன்."

மூன்று நாள்தான் பட்டாள். நாலாவது நாள் காலை ஐந்தே முக்காலுக்கே கீழே இறங்கிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆறு மணிக்கு அண்ணி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வந்து வாசல்படியில் நின்றாள். மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்த பாயிண்டுக்கு எல்லாம் கேட்டது.

"என்னடி, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம்? நகரு, நான் பாத்துக்கறேன்."

"வேணாம் அக்கா. நாங்க இப்போதைக்கு வீடு மாறப் போறதில்ல. அதனால ஒண்ணு சொல்லிடறேன். இனிமே ஏழரை வரைக்கும் அடுப்பு எனக்கு. ஏழரைக்கு மேல முழு நாளும் உங்களுக்கு. நான் இருக்கும்போது நீங்க வர வேணாம், என் பாத்திரத்தைத் தொடவும் வேணாம்."



"ஏழரை வரைக்குமா?" என்றாள் அண்ணி.

"ஏழரை வரைக்கும்."

"நீ தனியா கஷ்டப்படறியேன்னுதான்டி ஒன்பது வருஷமா அலாரம் வச்சு எழுந்துட்டு வரேன்!" அண்ணியின் குரல் உயர்ந்தது. "இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நானும் மனுஷி மாதிரி தூங்கியிருப்பேனே!"

சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போனாள். கட்டில் கிரீச்சிடும் சத்தம் மாடிப்படிவரை கேட்டது.